செய்வது, செய்விப்பது, உடன்படுவது

தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் வாசகர் கண் அதிகம் படாத ஒரு கட்டம் உண்டு. சந்தா விவரம், முகவரி, அச்சகத்தின் பெயர் எல்லாம் பொடி எழுத்தில் அடங்கியிருக்கும் அந்தக் கட்டத்துக்குள் பல இதழ்கள் ஒரு வரியையும் சேர்த்துவிடுகின்றன: வெளியாகும் கருத்துகளுக்கு அவற்றை எழுதியவர்களே பொறுப்பு, ஆசிரியர் பொறுப்பல்ல. பக்கத்திலேயே ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்ற அறிவிப்பும் இருக்கும். இரண்டாவது வரி பதிவுத் தொல்லைகளிலிருந்து தப்பிக்க உதவுகிறது. முதல் வரி எதிலிருந்து தப்பிக்க உதவுகிறது?

வந்த பத்துக் கதைகளில் ஒன்பதைத் திருப்பி அனுப்பிவிட்டு ஒன்றை எடுத்தவர், அதன் தலைப்பை மாற்றியவர், கடைசிப் பத்தியை வெட்டியவர், எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று முடிவு செய்தவர் எல்லாம் ஒருவரே. இத்தனையும் செய்தபின் பொறுப்பை மட்டும் எழுதியவர் தலையில் இறக்கிவைக்க முடியுமா? சட்டம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. ஆனால் வினை யாரைச் சேரும் என்று சமயங்கள் கேட்டுவந்த கேள்வியும் இதுதான். அதற்கு மிகக் கறாராகப் பதில் சொன்ன மரபொன்று திண்டிவனத்துக்குப் பக்கத்திலேயே இன்றும் உயிரோடு இருக்கிறது.

திண்டிவனம், செஞ்சி வட்டாரம் தமிழ்ச் சமணர்களின் தாய்நிலம். மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. பார்சுவநாதர் கோயில் இருக்கிறது. வீடூர், பேரமண்டூர், விழுக்கம் போன்ற ஊர்களில் நயினார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவருகின்றன. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களையும் பாறையில் செதுக்கிவைத்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் துறவியைப் பற்றிய பழங்கல்வெட்டும் அங்கே உண்டு.

சமணத்தின் இரு பிரிவினரும் ஏற்றுக்கொண்ட நூல் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம். வினை ஓர் உயிரை எத்தனை வழிகளில் வந்து பற்றுகிறது என்று அது கணக்குப் போடுகிறது. எண்ணம் கொள்ளுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என நிலைகள் மூன்று. மனம், சொல், உடல் எனக் கருவிகள் மூன்று. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என முறைகள் மூன்று. சினம், செருக்கு, வஞ்சம், பேராசை எனத் தூண்டும் கறைகள் நான்கு. பெருக்கினால் 108. இதில் ‘நான் செய்யவில்லை, செய்தவரை அனுமதித்தேன், அவ்வளவுதான்’ என்று ஒதுங்க ஒரு சந்துகூடக் கிடையாது. அனுமதித்தவரும் கணக்குக்குள் இருக்கிறார். கவனக்குறைவையும் அந்த நூல் மன்னிப்பதில்லை; இன்னோர் உயிருக்கு ஊறு விளைவிப்பதை அது வரையறுக்கும்போது அசட்டையை வரையறைக்குள்ளேயே வைத்துவிடுகிறது. படிக்காமல் அச்சுக்கு அனுப்பிவிட்டேன் என்பது அங்கே சமாதானம் ஆகாது. அதுவே குற்றத்தின் பெயர்.

இந்தத் தராசில் நிறுத்திப் பார்க்கவேண்டிய ஒரு சம்பவம் தமிழ் இதழியல் வரலாற்றிலேயே நடந்திருக்கிறது.

1908ஆம் ஆண்டு. ஜூலை மாதத்தில் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கும் சுப்பிரமணிய சிவாவுக்கும் கொடுந்தண்டனை விதிக்கப்பட்டது. அதே மாதம் பம்பாயில் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை. சென்னையில் சுப்பிரமணிய பாரதி நடத்திவந்த ‘இந்தியா’ வாரப் பத்திரிகை மீது அரசின் பார்வை திரும்பியது. பத்திரிகையின் உயிர் பாரதி என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் அரசாங்கப் பதிவேட்டில் இருந்த பெயர் எம்.சீனிவாசன். போலீசார் பிடித்துச் சென்றது சீனிவாசனை. ஐந்தாண்டுத் தண்டனை அவருக்கு. நண்பர்களின் வற்புறுத்தலால் பாரதி சென்னையைவிட்டுப் புதுச்சேரிக்குப் போனார். செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்று போகிற ரயில் பாதை அது. அப்போது பாரதிக்கு வயது 25. அக்டோபரில் ‘இந்தியா’ பிரெஞ்சு எல்லைக்குள்ளிருந்து மறுபடி வெளிவரத் தொடங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழைவதற்கு அரசு முட்டுக்கட்டை போட, 1910 மார்ச்சில் நின்றுபோனது.

அன்றைய சட்டமே இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டம் அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட் முன்னால் உறுதிமொழி தரவேண்டும் என்றது. ஆசிரியர் யார் என்று அது கேட்கவில்லை. ஆசிரியர் பெயரை ஒவ்வொரு படியிலும் அச்சிடவேண்டும் என்ற நிபந்தனை 1922இல்தான் சட்டத்துக்குள் வந்தது. ஆகவே இந்தியா முழுவதும் தேசியப் பத்திரிகைகள் ஒருவர் எழுத, இன்னொருவர் பெயர் கொடுக்க நடந்துவந்தன. கல்கத்தாவில் 1907இல் ‘வந்தே மாதரம்’ வழக்கு வந்தபோது அரவிந்தர்தான் ஆசிரியர் என்று அரசால் நிரூபிக்க முடியவில்லை. சாட்சி சொல்ல மறுத்த விபின் சந்திர பாலுக்கு ஆறு மாதச் சிறை, அச்சிட்டவருக்கும் தண்டனை, அரவிந்தர் விடுதலை. 1910இல் ‘கர்மயோகின்’ இதழில் வந்த ஒரு கட்டுரைக்காக மறுபடி வழக்கு. அப்போது அரவிந்தர் புதுச்சேரியில். கீழ்நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர் அச்சிட்டவரே. மேல்முறையீட்டில்தான் அது ரத்தானது.

இதைப் பேசும்போது வழக்கமாக ஒரு நியாயம் முன்வைக்கப்படுகிறது. பாரதி சிறைக்குப் போயிருந்தால் பாஞ்சாலி சபதம், குயில் பாட்டு, கண்ணன் பாட்டு எல்லாம் நமக்குக் கிடைத்திருக்குமா என்று. கிடைத்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அது இலக்கிய வரலாற்றின் கணக்கு. சீனிவாசனின் ஐந்தாண்டுகளை அந்தக் கணக்கில் வரவு வைக்க நமக்கு உரிமை இல்லை. திருநாதர்குன்றின் துறவி இருந்த நோன்பை அவருக்குப் பதிலாக வேறொருவர் இருந்திருக்க முடியாது. அது அவர் உடம்போடு முடிந்த காரியம். அச்சுத் தொழிலிலோ ஒருவருடைய சொல்லுக்கு இன்னொருவருடைய உடம்பு விலை கொடுக்கலாம் என்ற ஏற்பாடு சாதாரணமாக நடந்தது. பாரதியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இங்கே நோக்கமல்ல. ஒரு பேரரசின் அடக்குமுறைக்கு நடுவே நடந்த காரியம் அது. பெயர் கொடுத்தவரும் தேசத்துக்கென்றே கொடுத்திருக்கலாம். ஆனாலும் அந்தக் கடன் கடன்தான். தமிழ் இலக்கிய வரலாறுகள் சீனிவாசனை ஓரிரு வரிகளில் கடந்துபோவதைப் பார்க்கும்போது, அந்தக் கடனை நாமும் ஒப்புக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

இதே புதுச்சேரி வட்டத்திலிருந்து வந்த இன்னொருவர் மறுபக்கத்தைக் காட்டினார். வ.வே.சு.ஐயர் 1910இல் மாறுவேடத்தில் புதுச்சேரி வந்துசேர்ந்து, முதல் உலகப்போர் முடிந்தபின் சென்னை திரும்பி ‘தேசபக்தன்’ ஆசிரியரானார். அதில் வெளியான ஒரு கட்டுரைக்காக 1921இல் அவர்மீது ராஜதுரோக வழக்கு. அந்தக் கட்டுரையை எழுதியவர் ஐயர் அல்லர். ஆசிரியர் என்ற முறையில் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டு ஒன்பது மாதம் பெல்லாரிச் சிறைக்குப் போனார். கம்பராமாயணம் பற்றிய அவருடைய ஆங்கில ஆராய்ச்சி நூல் அந்தச் சிறையில் எழுதப்பட்டது. மறு ஆண்டு மார்ச்சில் அகமதாபாத் நீதிமன்றத்தில் ‘யங் இந்தியா’ கட்டுரைகளுக்காகக் காந்தி நின்றபோது, வாதாடாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறாண்டுத் தண்டனையை வாங்கிக்கொண்டார். காந்தியாவது தாம் எழுதியதற்குப் போனார். ஐயர் உடன்பட்டதற்குப் போனார். சமணக் கணக்குப்படி இரண்டும் ஒரே கணக்கு என்பதை ஐயர் யாரும் சொல்லாமலே அறிந்திருந்தார்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அது அற்பமானதல்ல. அச்சாகும் ஒவ்வொரு கருத்துக்கும் ஆசிரியர் பொறுப்பேற்கவேண்டும் என்றால் அவர் தமக்குப் பிடித்ததை மட்டும்தானே போடுவார்? மாற்றுக் கருத்துக்கு இடம் எங்கே? இலக்கிய இதழ் கட்சிப் பத்திரிகை ஆகிவிடாதா?

சி.சு.செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய ‘எழுத்து’ இதற்குப் பதில் தருகிறது. வெங்கட் சாமிநாதனின் காட்டமான விமர்சனங்களும் திருகோணமலை இளைஞர் தர்மு சிவராமுவின் கவிதைகளும் கட்டுரைகளும் அதில்தான் வந்தன. செல்லப்பாவின் ரசனையோடு அவை எப்போதும் ஒத்துப்போனவையல்ல. ஒரு கருத்தோடு உடன்படுவது வேறு. அந்தக் கருத்து அச்சில் வரத் தகுதியுள்ளது என்பதற்கு உடன்படுவது வேறு. ஆசிரியர் பொறுப்பேற்பது இரண்டாவதற்கு. கட்டுரையில் சொல்லப்பட்ட தகவல் மெய்யா, மேற்கோள் சரியா, கதை இன்னொருவருடையதா, பேசாத மூன்றாம் மனிதர் ஒருவருக்கு இதனால் தீங்கு வருமா என்பவற்றுக்கெல்லாம் அவர் பொறுப்பு. முடிவான அபிப்பிராயத்துக்கு எழுதியவர் பொறுப்பு. பொடி எழுத்து வரி இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தள்ளிவிடுகிறது. அதுதான் அதன் பிழை.

ராஜதுரோக வழக்கும் சிறையும் ஒரு சிறுபத்திரிகை ஆசிரியருக்கு அபூர்வமாக வரலாம். உமாசுவாதி சொன்ன அந்த நான்கு கறைகள் தினமும் வரும். சினம்: போன இதழைத் திட்டி எழுதியவரின் கவிதை இந்த முறை மேசையின் அடிக்குப் போய்விடும். செருக்கு: யாருடைய வாக்கியத்தையும் தன் வாக்கியமாக மாற்றாமல் விடமுடியாத கை. வஞ்சம்: வராத கடிதத்தை வந்ததாகப் போடுவது, வந்த மறுப்பைப் போடாமல் விடுவது. பேராசை: விளம்பரம் கொடுத்த பதிப்பகத்தின் நூலுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பாராட்டு. இவற்றில் செருக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மற்றவை தவறு என்று செய்பவருக்கே தெரியும். செருக்கு மட்டும் உதவி என்ற பெயரில் வருகிறது.

மௌனியின் கதைகள் ‘மணிக்கொடி’யில் வந்தபோது பலவற்றுக்குத் தலைப்பு வைத்தவர் ஆசிரியர் பி.எஸ்.ராமையா. அந்தத் தலைப்புகளோடுதான் அவை இன்றுவரை நிற்கின்றன. மௌனியும் அவற்றை மாற்றவில்லை. இது உடன்பாட்டோடு நடந்த உதவி. அமெரிக்காவில் ரேமண்ட் கார்வருக்கு நடந்தது வேறு. 1981இல் வெளிவந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பை கார்டன் லிஷ் என்ற பதிப்பாசிரியர் பாதிக்கு மேல் வெட்டிக் குறைத்தார். முடிவுகளை மாற்றினார். வேலையை நிறுத்திவிடும்படி கார்வர் 1980 ஜூலையில் மன்றாடிக் கடிதம் எழுதினார். புத்தகம் வெட்டுப்பட்டபடியே வந்தது, புகழும் பெற்றது. கார்வர் எழுதிய மூல வடிவம் முழுத் தொகுப்பாக அச்சேறியபோது ஆண்டு 2009. அவர் இறந்து இருபத்தோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. வெட்டியதால் கதைகள் மேம்பட்டனவா என்று விமர்சகர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மேம்பட்டன என்றே வைத்துக்கொண்டாலும், வேண்டாம் என்று எழுதியவரின் கையெழுத்துக்குக் கீழே இன்னொருவருடைய வாக்கியங்களை வைத்ததற்கு அது விடையாகாது.

விழுப்புரம் வட்டாரத்தை உள்ளடக்கிய நடுநாட்டின் எழுத்தாளர்களுக்கு இதில் தனி வலி உண்டு. விழுப்புரம் அரசு கலைக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த த.பழமலய் 1988இல் ‘சனங்களின் கதை’யைக் கொண்டுவந்தபோது, இந்த வட்டாரத்து மக்களின் வாய்ப்பேச்சும் உறவுகளும் ஊர்ப் பெயர்களும் எந்த மெருகும் இல்லாமல் கவிதைக்குள் வந்தன. அப்படி ஒரு கைப்பிரதி சென்னையிலோ கோவையிலோ ஓர் ஆசிரியரின் மேசைக்குப் போய், அவர் அதைப் ‘பிழை திருத்தி’ அனுப்பினால் என்ன ஆகும்? மெய்ப்பு பார்ப்பவருக்குப் பிழையாகத் தெரிவது பெரும்பாலும் ஒரு கிழவியின் குரல். தெரியாத சொல்லைக் கேட்டு அறிவதற்கு ஒரு கடிதம் போதும், இப்போது ஒரு தொலைபேசி அழைப்பு போதும். கேட்காமல் மாற்றுவது அசட்டை. அசட்டையை உமாசுவாதி எங்கே வைத்தார் என்பதை மேலே பார்த்தோம்.

கேட்டு அறிவதற்கு நல்ல முன்மாதிரி இந்த வட்டாரத்தோடு தொடர்புள்ள ஒன்று. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சைவச் சூழலில் படித்து வளர்ந்தவர் கையில் ஒரு சமணக் காப்பியம். புரியாத இடங்களை ஊகித்து நிரப்பிவிட்டுப் போயிருக்கலாம். தட்டிக்கேட்க அன்று ஆள் குறைவு. அவர் சமணர்களின் வீட்டு வாசலுக்குப் போனார். அவருக்குக் கும்பகோணத்தில் சமயக் கருத்துகளை விளக்கியவர்களில் ஒருவர் வீடூர் அப்பாசாமி நயினார். தம் வரலாற்றை எழுதும்போது அந்தச் சமண நண்பர்களைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். அறிவு எங்கிருந்து வந்தது என்று சொல்வது நன்றி மட்டும் அல்ல. பொறுப்பின் பங்கீடும் அதுவே. 1990களில் வெளிவந்த ‘நிறப்பிரிகை’ தன் கூட்டு விவாதங்களை அச்சிட்டதையும் இந்த வரிசையில் வைக்கலாம். ரவிக்குமார், அ.மார்க்ஸ், பொ.வேல்சாமி ஆகியோர் நடத்திய அந்த இதழில் ஒரு முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பது வாசகர் கண்முன்னே நடந்தது. ஆசிரியர் குழு திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை.

சட்டமும் மாறிக்கொண்டு வந்திருக்கிறது. பதிவு பெற்ற இதழ்கள் ஆண்டுதோறும் பிப்ரவரி முடிந்ததும் உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்களைப் படிவம் 4இல் அச்சிட்டுக் காட்டின. தலைமை ஆசிரியர் என்ற அலங்காரப் பட்டம் மட்டும் ஒருவரைப் பொறுப்பாளியாக்காது என்று உச்ச நீதிமன்றம் கே.எம்.மாத்யூ வழக்கில் 1991இல் சொன்னது. ஆசிரியர் என்று பெயர் அச்சிடப்பட்டவரைத்தான் சட்டம் முதலில் பார்க்கும். 1867ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது; பதிவு இணையவழிக்கு மாறிவிட்டது. ஆனால் ‘தனிச்சுற்றுக்கு’ என்று போட்டுக்கொண்டு வரும் இதழை எந்தப் பதிவேடும் அறியாது. அங்கே ஆசிரியருக்கு அவருடைய மனச்சாட்சி மட்டுமே மாஜிஸ்திரேட்.

அந்த மனச்சாட்சிக்கு விழுப்புரம் மாவட்டத்தில் மிகக் கடுமையான சோதனை இருளர் மக்களின் வாக்குமூலங்களில் வருகிறது. திண்டிவனத்தில் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி முதலியோர் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாகப் பல ஆண்டுகள் உழைத்ததால், பொய் வழக்குகளும் காவல் நிலையக் கொடுமைகளும் கொத்தடிமை முறையும் வெளியே தெரியவந்தன. இப்படிப்பட்ட அனுபவங்களை இலக்கிய இதழ்களும் வாங்கிப் போடுகின்றன. போடவேண்டும். ஆனால் சொன்னவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர், செம்மை செய்தவர் மூன்றாமவர் என்றாகும்போது, இழப்பதற்கு அதிகம் உள்ளவர் சொன்னவர் மட்டுமே. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று தண்டனைச் சட்டம் 1983 முதலே சொல்கிறது. பெயரை எடுத்துவிட்டால் போதுமென்று நினைப்பவர்கள் உண்டு. இருபது வீடுள்ள குடியிருப்பில் கணவரின் தொழிலும் குழந்தைகளின் எண்ணிக்கையும் எழுதிவிட்டால் பெயர் தேவையே இல்லை.

ஆகவே இங்கே உடன்பாடு என்பது ஒருமுறை தலையசைக்கவைத்து வாங்குவதல்ல. ஒலிப்பதிவுக் கருவிக்கு முன்னால் அவர் பேசச் சம்மதித்தது பேசுவதற்குத்தான். அச்சில் வருவதற்குத் தனியாகக் கேட்கவேண்டும். எழுதப்பட்டதை அவருக்குப் படித்துக்காட்டவேண்டும். அவருடைய பேச்சு எந்த இடத்தில் எழுத்தாளரின் பேச்சாக மாறிவிட்டது என்று அவரே சொல்லட்டும். பக்கம் வடிவமைத்து முடிந்து, அச்சகத்துக்கு முன்பணமும் கொடுத்தபின் அவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால், அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு இதழைக் கொண்டுவர வேண்டியது ஆசிரியரின் வேலை. ஏன் எடுத்தோம் என்று வாசகருக்கு விளக்கம் எழுதவும் கூடாது. அந்த விளக்கமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.